ரேடியேட்டருக்குச் சந்தனக்காப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே ஏழு ஆயுத பூஜை போய்விட்டது. முதலில் ஒரு நோட்டு வாங்கினேன். அதன் தாளைக் கிழித்துக் கிழித்து வீட்டில் விபூதி மடித்துத் தீர்த்துவிட்டார்கள். இரண்டாவது நோட்டு வாங்கியபோது பேனா சரியாக எழுதவில்லை என்று விட்டுவிட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. இந்த முறை பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். போட்ட பிறகு நிறுத்தினால் பிள்ளையாருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். மரக்காணத்தில் உப்பளத்து மேஸ்திரி. ஒரு காரின் ரேடியேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுத இவ்வளவு தயக்கமா என்று கேட்பீர்கள். அந்த ரேடியேட்டரால் என் அண்ணிக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. அந்தப் பெயருக்கு நான்தான் காரணம். அதை நான் ஏழு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்பது.

இடையஞ்சாவடியில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார். மாதம் ஒரு மூட்டை கல் உப்பு எங்கள் அளத்தில் வாங்குவார். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு உப்பு எதற்கு என்று நான் கேட்டதில்லை. நம் சரக்கு போனால் சரி. அவர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய காரை எனக்குக் கொடுத்தார். காகிதமெல்லாம் முறையாக மாற்றித்தான் கொடுத்தார். சோப்புப் பெட்டி மாதிரி சின்னக் கார். நான்கு பேர் ஏறினால் ஐந்தாவதாக ஒரு தேங்காய்க்குத்தான் இடம் இருக்கும்.

கொடுக்கிற அன்று பானெட்டைத் திறந்து ஏதோ விளக்கினார். அவருக்குத் தமிழ் பத்து வார்த்தை, எனக்கு இங்கிலீஷ் அதைவிடக் கம்மி. இன்ஜினின் இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு தன் இடது கன்னத்தில் கை வைத்து, உஃப் உஃப் என்று ஊதினார். கடைசியில் என்னைக் கும்பிட்டார். அவருக்குப் பல் வலி என்று நினைத்து, கிராம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் இடது முன் சக்கரம் பஞ்சரானது. கழற்றியபோதுதான் அவர் காட்டியது புரிந்தது. மற்ற கார்களில் ரேடியேட்டர் முன்னால் இருக்கும். அதற்கும் முன்னால் பல்வரிசை மாதிரி கம்பி இருக்கும். வண்டி ஓட ஓட எதிர்க்காற்று நேராக வந்து மோதி, உள்ளே ஓடும் தண்ணீரை ஆற்றும். இந்தக் காரில் பல்வரிசை என்னவோ முன்னால்தான் இருந்தது. ஆனால் இடத்தை மிச்சம் பிடிக்க இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் ரேடியேட்டர் இடது ஓரமாக ஒதுங்கி, சக்கரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி நின்றது. சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் நீளநீளமாக வெட்டு விட்டிருந்தார்கள். மீனின் செவுள் மாதிரி. உள்ளே இருக்கும் ஃபேன் சூட்டையெல்லாம் அந்த வெட்டு வழியாக வெளியே ஊதித் தள்ளும். வெள்ளைக்காரர் கன்னத்தைக் காட்டி ஊதியது இதைத்தான். இந்த இடத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று கும்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

பார்த்துக்கொண்டேன்.

எங்கள் அளத்தில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. கருவியின் கைப்பிடிக்குப் பொட்டு வைக்க மாட்டோம். வேலை செய்கிற இடத்துக்குத்தான் வைப்போம். உப்பு வாரும் பலகைக்கு உப்பில் படும் விளிம்பு, மண்வெட்டிக்கு வாய், தராசுக்குக் கொக்கி. அந்த வருஷம் காருக்கும் சேர்த்துப் பூஜை. என் மனைவி முன் கம்பியில் மாலை கட்டிவிட்டு, மூன்று பொட்டு வைத்துவிட்டு, முடிந்தது என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் கம்பி சும்மா அழகுக்கு இருப்பது. வேலை செய்கிற இடம் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? அதுவும் என்ன வேலை? குளிர வைக்கிற வேலை. சந்தனமும் குளிர்ச்சிதானே. அக்னி நட்சத்திரத்தில் நாமே நெற்றியில் பூசிக்கொள்கிறோம்.

அவள் உள்ளே போன பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். இரண்டு உருண்டை சந்தனத்தைப் பன்னீரில் குழைத்தேன். வெட்டுக்குள் விரலை விட்டு, சீப்புப் பல் மாதிரி இருந்த அந்தத் தகடுகளின் மேல், ஒரு இடம் விடாமல் அப்பினேன். சூடம் காட்டினேன். ஒரு காரை அவ்வளவு பக்தியோடு யாரும் அடைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம், பாண்டி போகும் வழியில் உள்ள ஒரு அம்மன் கோயிலுக்குக் கிளம்பினோம். நான், மனைவி, அண்ணி. அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் அளத்திலேயே உப்பு வாரிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் தனியாக இருப்பவர். பிள்ளை இல்லை. முட்டி வலி என்பதால் அவருக்கு முன் சீட். மத்தியான வெயிலில் பத்து கிலோமீட்டர் போயிருப்போம்.

"இன்னா தம்பி, வண்டி ஜில்லுனு போவுது! பஸ்ஸுல வந்திருந்தா இந்நேரம் மண்ட காஞ்சிருக்கும்" என்றார் அண்ணி.

அவர் சொல்லி வாயை மூடவில்லை, மீட்டர் முள் சிவப்பில் போய் நின்றது. பானெட்டைச் சுற்றி இட்லிப் பானை மாதிரி ஆவி.

பின் சீட்டில் தேங்காய்த் தட்டோடு இருந்த மனைவி சொன்னாள்: "வாய வச்சிட்டீங்களே அக்கா!"

"அடியேய், நான் வாய வச்சா தண்ணி கொதிக்கும்னா என் ஊட்டுக்கு எதுக்குடி கேஸு?"

மூன்று பேரும் சிரித்தோம். மரக்காணத்தில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர், "அதுல ஹீட்டர்னு ஒண்ணு இருக்கும் மேஸ்திரி. ஆறவிட்டுத் தண்ணி ஊத்திட்டு, ஹீட்டரப் போட்டு மெதுவா வாங்க. இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துக்கும்" என்றார். அந்த வெயிலில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சாமி கும்புட கூட்டினு வந்தியா, தீ மிதிக்கக் கூட்டினு வந்தியா?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். வண்டி கொதித்திருக்கிறது. அப்படியானால் சந்தனம் போதவில்லை. இன்னும் ஒரு உருண்டை அப்பினேன்.

அடுத்த முறை அண்ணி வரவில்லை. நானும் மனைவியும் விடியற்காலையில் செய்யூர்ப் பக்கம் ஒரு முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம். கொதிக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது முறை, மத்தியானம், பாண்டியில் ஒரு துக்க வீட்டுக்கு அண்ணியையும் ஏற்றிக்கொண்டு போனோம். இந்த முறை பத்து கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கதவைத் திறந்து இறங்கி, சாலை ஓரத்தில் காருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். காரைப் பார்க்காமல் இருந்தால் அது ஆறும் என்று நினைத்தாரோ என்னவோ.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு கணக்கும் வந்ததில்லை. அண்ணி ஏறினால் கொதிக்கிறது, ஏறாவிட்டால் கொதிக்கவில்லை என்கிற கணக்கு மட்டும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சரியாக வந்தது.

அது வீட்டுக்குள் நிற்கவில்லை. மனைவி அவள் தங்கையிடம் மட்டும்தான் சொன்னதாகச் சொன்னாள். பத்து நாள் கழித்து டீக்கடையில் ஒருவர், அண்ணி ஏறி உட்கார்ந்ததும் ரேடியேட்டர் வெடித்தது என்றார். இன்னொருவர், வெடிக்கவில்லை, கார் தீப்பிடித்து முழுசாக எரிந்துவிட்டது என்றார். அந்தக் காரை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் மறுத்துப் பேசவில்லை. டீ ஆறிவிடும் என்று குடித்துவிட்டு, எரிந்துபோன காரில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. கார் நின்றபடியே நின்றது. மழை விட்டதும் பார்த்தால், கிளப்பி வாசலில் நிறுத்தினாலே முள் ஏற ஆரம்பித்தது. அண்ணி அன்றைக்குப் பக்கத்தில்கூட இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன்.

அவர் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். பொடியை மோந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேஸ்திரி, ரேடியேட்டருக்கு யாருங்க சந்தனக்காப்பு பண்ணது?"

நான் குனிந்து, கழற்றி வைத்திருந்த சக்கரத்தைப் பார்த்தேன்.

"கீழ சந்தனம். அதுக்கு மேல சக்கரம் வாரி அடிச்ச உப்புச் சேறு. சூட்டுல வெந்து சிமெண்ட் செவுரு மாதிரி நிக்குது. ஃபேன் எங்க ஊதும், செவுத்துலயா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்த வண்டிக்கு மூச்சே இந்தப் பக்கந்தான் மேஸ்திரி. பாண்டி பக்கம் போறப்ப கடல் உங்களுக்கு லெஃப்ட்ல வரும். மத்தியானமானா கடக்காத்து அந்தப் பக்கத்துலயே அடிக்கும். ஃபேன் வெளிய ஊதுது, காத்து உள்ள ஊதுது. சும்மாவே திணறும். இதுல நீங்க சந்தனம் வேற. வடக்க காலையில போனா ஒண்ணும் தெரியாது. பாண்டிக்கு மத்தியானம் போயிருந்தா நிச்சயமா கொதிச்சிருக்கும். கொதிச்சிச்சா?"

"கொதிச்சிது."

"யாரு பூசுனது?"

"தெரியலையேப்பா. வெள்ளைக்காரரு பூசியிருப்பாரு" என்றேன்.

கடல் தாண்டிப் போன மனுஷன் மேல் பழி போட்டேன். அவர் எனக்குக் காரைக் கொடுத்தவர்.

மெக்கானிக் ரேடியேட்டரை இறக்கி, ஊறவைத்து, பிரஷ் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தார். சக்கரம் அள்ளி வீசும் சேறு உள்ளே போகாமல் ரப்பர் தடுப்பு ஒன்று வெட்டிக் கட்டினார். அன்றிலிருந்து இன்று வரை அந்தக் கார் ஒரு நாள்கூடக் கொதித்ததில்லை. அண்ணி ஏறுவதில்லை, அதனால்தான் கொதிக்கவில்லை என்று ஊர் சொன்னது. ரேடியேட்டரைக் கழுவியதை நான் சொல்லவில்லை.

பூசியதை அறியாமை என்றும், மறைத்ததை வெட்கம் என்றும் சாமி விட்டிருக்கலாம். அடுத்தது அப்படி இல்லை.

அளத்தில் ஒவ்வொரு வருஷமும் முதல் உப்பு வாரும் அன்று சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, ஒருவர் பலகையால் முதல் இழுப்பு இழுக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் பாத்தியில் இறங்குவார்கள். எங்கள் அளத்தில் அது அண்ணியின் கை. அண்ணன் போன பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. அளத்துப் பெண்கள்தான், அவங்க கையில விளையுது, அவங்களே இழுக்கட்டும் என்றார்கள். ரேடியேட்டரைக் கழுவி இருபது நாள் ஆகியிருந்தது. முதல் வாரலுக்கு முந்தின நாள் மூன்று பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

"மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. இந்த வாட்டி மொத இழுப்ப வேற யாராவது இழுக்கட்டும்."

"ஏன்?"

"உங்களுக்கே தெரியும். உங்க வண்டிதான?"

என் வண்டிதான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சந்தனம் என்று சொல்லியிருந்தாலே போதும். என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே, மேஸ்திரி ரேடியேட்டருக்குச் சந்தனம் பூசினார் என்று வருஷம் முழுக்கப் பாத்தியில் பேசுவார்களே என்று இருந்தது. மறுநாள் அண்ணியிடம், "முட்டி வலியா இருக்குதே அண்ணி, இன்னைக்கு வரப்புல நில்லுங்க" என்றேன்.

"முட்டி மூணு வருஷமா வலிக்குது தம்பி. மூணு வருஷமும் நான்தான இழுத்தேன்?" என்று கேட்டார். பிறகு வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்தார். எல்லாரும் வேறு எங்கோ பார்த்தார்கள். பலகையைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

அந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது. அதுவும் அவருக்கு எதிராகவே போயிற்று.

அதற்குப் பிறகு அண்ணி யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொண்டார். கூலிக்கு வருவார், வேலை முடிந்தால் போவார். புது வண்டி எடுத்தவன் தெருவில் வந்தால், தன் கண் பட்டுவிடும் என்று வீட்டுக்குள் போய்விடுவார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது வெளியிலேயே நின்று, "நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு ஆடி வெள்ளிக்கும் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு அம்மனுக்குச் சந்தனக்காப்பு. எல்லாரும் அம்மன் முகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த முகத்தில் ரேடியேட்டர்தான் தெரிந்தது. அம்மன் மேல் குறை ஒன்றும் இல்லை. காருக்குப் பூசு என்று அம்மன் சொல்லவில்லை.

இந்தத் தை மாதம் அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. உப்பின் வெளிச்சத்தை வருஷக்கணக்கில் பார்த்த கண். பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். காலையில் காரைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினேன். என் மனைவி பின் சீட்டில் இருந்தாள். அண்ணி கம்பு ஊன்றி வந்து, கைப்பையோடு, காருக்கு நான்கு அடி தள்ளி நின்றார்.

"நான் பஸ்ல போறேன் தம்பி."

"இன்னா அண்ணி, கண்ணு தெரியாம பஸ்ல எப்டி? ஏறுங்க."

"வேணாம்பா. அந்த வண்டி பாவம்."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே காருக்காகப் பரிதாபப்பட்டார். ஏழு வருஷம் நான் மறுக்காமல் விட்ட பொய், அவர் நம்பிக்கையாகவே ஆகிவிட்டிருந்தது.

நான் இறங்கி, பானெட்டைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து, இடது பக்கத்தில் அந்தத் தகட்டின் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், இரண்டாவது பூச்சு, மெக்கானிக், வெள்ளைக்காரர் மேல் போட்ட பழி, முதல் இழுப்பு. என் மனைவி கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ பூசுன?"

"மொத்தம் மூணு உருண்டை."

"மூணு உருண்டை!" என்றார். "உங்க அண்ணன் கல்யாணத்துலகூட எனக்கு அவ்ளோ பூசலடா."

அதுவரை என்னைத் தம்பி என்றும் ஏம்பா என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் முதல் தடவை டா போட்டார். பிறகு தன் கண்ணைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். "இந்தக் கண்ணுக்கு ஊரே பயந்துச்சு. இதுல இப்ப உன் வண்டியே தெரியல."

என் மனைவி இறங்கி வந்து காலில் விழப் போனாள். "எழுந்திருடி, முட்டியில இடிச்சிடப் போற" என்று தள்ளி நின்றார் அண்ணி.

"ஏறுங்க அண்ணி" என்றேன்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? இந்தப் பேச்சு என்கிட்ட இருந்தா கெளம்புச்சு? ஊருக்குச் சொல்லு. அப்புறம் ஏறுறேன்."

"டீக்கடையில எனக்குப் பேச வராது அண்ணி."

"எழுதத் தெரியுமில்ல, எட்டாவது படிச்சவன்? எழுது. ஒண்ணு சொல்றேன், கூட்டாத. கொறைக்காத. நான் அழுதேன்னு எழுதாத, நான் அழல. நீ நல்லவன்னும் எழுதாத."

சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். என் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே பஸ்ஸில் ஏறினாள். நான் காலிக் காரை ஓட்டிக்கொண்டு, பாண்டி வரைக்கும் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். அது நிற்கிற ஸ்டாப்பில் எல்லாம் நானும் நின்றேன். திரும்பும்போதும் அப்படியே. முள் பாதியைத் தாண்டவில்லை.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்குள் இது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தால் காரில் வருகிறேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் பஸ்தான். இந்த வருஷம் முதல் வாரலுக்குப் பலகையை அவர் கையில் கொடுக்கத்தான் போகிறேன். வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது. அது அவர் இஷ்டம்.

எழுதி முடித்ததை அண்ணிக்கு ஒரு தடவை படித்துக் காட்டினேன். அடியேய் என்று சொன்னதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும்" என்றார். அதனால் அதுவும் இருக்கிறது.

இதை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கிறேன். பதினோரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று எனக்கும் தினம் வருகிறது, நானும் அனுப்பியிருக்கிறேன். இதை அனுப்புவதால் உங்களுக்கு ஒரு நல்லதும் நடக்காது. அனுப்பாவிட்டால் கெட்டதும் வராது. ஆனால் அனுப்பினால் இருக்கிறபடியே அனுப்புங்கள். வாயால் சொல்வதென்றால் பார்த்துப் படித்துச் சொல்லுங்கள். கார் வெடிக்கவில்லை, எரியவில்லை. சந்தனம் மூன்று உருண்டை. நான்கு என்று சொல்லாதீர்கள். பூசியது நான்.